அப்பாவின் காதுக்கு ஒரு ரிசீவர்

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கப் போகிறவருக்கு முதலில் வேண்டியது நல்ல காது என்றொரு நம்பிக்கை, படித்தவர்களிடையேகூடப் பரவியிருக்கிறது. இது பெரும் பிழை. முதலில் வேண்டியது நல்ல முழங்கால். மூன்றாவது கடையில் நின்றுகொண்டிருந்த மகனுக்கு இது ஐயமறத் தெளிவாகியிருந்தது.

அப்பா மட்டும் களைக்கவில்லை. எல்லா ஸ்பீக்கர்களுக்கும் சத்தத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற அந்தப் பெட்டிகளை, பெண் பார்க்க வந்தவர் போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் விளக்கினார். படத்தில் ஹெலிகாப்டர் பறந்தால் தலைக்கு மேலேயே பறக்குமாம். பாட்டுப் போட்டால் பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்குமாம்.

“ஹெலிகாப்டர் எங்கேயாவது போகட்டும் தம்பி. ஆளுங்க பேசறது புரியணும். பேச்சு வர்ற நடு ஸ்பீக்கரை மட்டும் தனியா ஏத்த முடியுமா?”

முடியும் என்று அவர் காட்டிய பெட்டியையும் அப்பா மறுபடி முதலிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தார்.

எல்லாம் கீழ் வீட்டுக்காரரால் வந்தது. தினமும் சாயங்காலம் அப்பா டிவியை அலற விடுவார், கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வருவார், மகன் மன்னிப்புக் கேட்பான். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. பேச்சு தெளிவாகக் கேட்கிற மாதிரி ஒரு ரிசீவர் வாங்குவது. அதற்கும் சரிவராவிட்டால் அப்பா மறுபேச்சு பேசாமல் காது டாக்டரிடம் வருவது.

அம்மாவுக்கு இதில் தாங்க முடியாத அலுப்பு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஒரு ‘ஹலோ’வை வைத்தே பேசுகிறவர் யார், என்ன கோபம், சளி பிடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள் எனப் பெயர் வாங்கியவள். “இந்தக் காதுக்கு இப்படி ஒரு செவிட்டு மனுஷன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அப்பா சிரித்துக்கொள்வார்.

மகன் அடுத்த அலமாரி ஓரமாய் ஒதுங்கி, தனக்குத்தானே முனகினான். “இதுக்குப் பேசாம ஒரு காது மெஷினே வாங்கியிருக்கலாம்.”

“மெஷினெல்லாம் வேண்டாம்டா” என்றார் அப்பா, தலையைத் திருப்பாமலே.

வேண்டாததெல்லாம் நன்றாகக் கேட்கும், என்று மகன் நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து மெக்கானிக் வந்து பெட்டியை மாட்டினார். ஒரு ஸ்டாண்டில் சின்ன மைக்கைச் செருகி, யாருக்குக் காது மந்தமோ அவர் உட்காருகிற இடத்தில் அது நிற்க வேண்டும் என்றார். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் விசிலடித்துப் பார்த்து, அந்த இடத்துக்குத் தோதாகச் சத்தத்தை அமைத்துக்கொள்ளும். அதுவரை யாரும் மூச்சு விடக் கூடாது.

மைக்கை அப்பாவின் சோபாவில் நிறுத்திவிட்டு, மெக்கானிக் வயரைச் சரிபார்க்க டிவிக்குப் பின்னால் குனிந்தார். அப்பா சத்தமில்லாமல் எழுந்து ஸ்டாண்டைத் தூக்கிப் போய் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் வைத்தார்.

“அப்பா, அது அம்மா சேர்.”

“இருக்கட்டும்.”

மெக்கானிக் பொத்தானை அமுக்கினார். அடியில் உறுமிய சத்தம் ஏறி ஏறிப் போய், பல் கூசுகிற அளவுக்குக் கீச்சிட்டது. அந்தக் கீச்சலுக்கு நடுவே, சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்த அம்மா பொறுமை இழந்தாள்.

“இன்னும் ஆரம்பிக்கலையா? எவ்வளவு நேரம்டா இப்படியே நிக்கறது?”

மகன் அம்மாவைப் பார்த்தான். பிறகு மைக்கைப் பார்த்தான்.

“யாருங்க பேசினது? மறுபடி முதல்லேருந்து வைக்கணும்” என்றார் மெக்கானிக்.

“நான்தான் தம்பி. ஆரம்பிச்சாச்சான்னு சைகை காட்டினேன், பாவம், அவ எனக்காகக் கேட்டா. என் காது லட்சணம் அப்படி” என்றார் அப்பா.

“அதானே” என்று அம்மா உள்ளே போனாள்.

மெக்கானிக் போன பிறகு மகன் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை. அடுத்தவருக்குக் கேட்காத அளவில்தான் கேட்டான்.

“எப்போலேருந்துப்பா?”

அப்பா ரிமோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அவ ரிட்டயர் ஆகி ஒரு வருஷத்துக்கெல்லாம். ‘ஹலோ’வை வெச்சே ஆளைச் சொல்றவடா. அவகிட்டப் போய் என்னன்னு சொல்றது?”

சாயங்காலம் படம் போட்டார்கள். பெட்டி சொன்னபடி வேலை செய்தது. முன்பிருந்ததில் பாதிச் சத்தத்திலேயே பேச்சு தெளிவாக வந்தது. அம்மா பிரம்பு நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னாள்.

“இன்னும் கொஞ்சம் ஏத்துடா. அப்பாவுக்குக் கேக்காது.”

மகன் ஏற்றினான்.

காலிங்பெல் அடித்தது. கீழ் வீட்டுக்காரர்தான். புதுசு வாங்கினால் குறையும் என்று சொன்னார்களே, பெரியவருக்கு இதுவும் கேட்கவில்லையா, நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போகக் கூடாதா என்று கேட்டார்.

மகன் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பாவுக்கு நல்லாக் கேக்குது சார். எனக்குத்தான் கொஞ்ச நாளா காது மந்தம். மன்னிச்சுக்குங்க.”

மறுநாளிலிருந்து கீழ் வீட்டுக்காரர் மாடிப்படியில் அவனைக் கண்டால் எதிரே வந்து நின்று, கைகளை ஆட்டி, வாயை அகல அகலத் திறந்து நலம் விசாரிக்கிறார்.