மூஞ்சூறுத் தாத்தாவின் மூடுபனி நடை

மார்கழி மூடுபனியில் மூஞ்சூறுத் தாத்தா நான்கு பேரப்பிள்ளைகளோடு தோப்புக்குள் நடக்கக் கிளம்பினார். மூஞ்சூறு வழக்கப்படி மூத்த பேரன் தாத்தாவின் வாலைக் கவ்வினான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒருவர் வாலை ஒருவர் கவ்விக்கொண்டார்கள்.

"இந்தத் தோப்புல எனக்குத் தெரியாத மரமே கிடையாது," என்றார் தாத்தா.

ஒரு பலாமரத்தைச் சுற்றித் திரும்பியதும் அவருக்கு எதுவுமே தெரியவில்லை. நல்லவேளையாக, முன்னால் பனிக்குள் ஒரு வால் போய்க்கொண்டிருந்தது. வழி தெரிந்த யாரோ என்று நினைத்து, சத்தமில்லாமல் அதைக் கவ்விக்கொண்டார்.

வெகுநேரம் நடந்தார்கள். பனி விலகியபோதும் அதே பலாமரம்தான் பக்கத்தில் நின்றது.

கடைசிப் பேத்தி அல்லி வாயைத் திறந்தாள். "தாத்தா, என் வாலை விடுங்க. வலிக்குது."

தாத்தா விட்டார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ தொலைஞ்சு போயிடக் கூடாதேன்னுதாம்மா பிடிச்சிருந்தேன்."