திரும்பி நின்றவள் சொன்னது

அருங்காட்சியகத்தின் கலை வாரத்தில் ஐந்தாம் நாள், ஒலி அழிந்துபோன ஒரு பழைய படத்தை அப்படியே ஓசையில்லாமல் திரையிட்டார்கள். முந்நூறு பேர் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்க, தவமணி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் காது போனவள் அவள்.

"எங்க அக்காவுக்கு வாயசைவு புரியும் சார். படத்துல அந்த மாமனார் பேசுறது தெரிஞ்சுதான் சிரிக்கிறா," என்றாள் தங்கை இந்திராணி.

"அப்ப எங்களுக்கும் சொல்லச் சொல்லும்மா," என்றார் காப்பாளர்.

இருவரும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். தவமணியின் கைகள் பேசியதை இந்திராணி வாய்விட்டுச் சொன்னாள். அரங்கம் சிரித்தது, பிறகு மூக்கை உறிஞ்சியது.

கடைசிக் காட்சியில், தாங்களே துரத்திவிட்ட மருமகளை அழைத்துப்போகக் கணவனும் மாமனாரும் வந்தார்கள். அவள் முதுகைக் காட்டி நின்றபடி பதில் சொன்னாள். உதடு தெரியவில்லை. தவமணியின் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. எல்லோரும் திரையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள்.

கைகள் மெல்ல அசைந்தன. இந்திராணி அக்காவை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, உரக்கச் சொன்னாள்.

"நான் வரலை. நீங்க போகலாம்."

அரங்கமே எழுந்து கைதட்டியது. திரையில் அந்த இருவரும் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார்கள்.