பதினேழாம் நம்பர் வீடு

"எழுபத்தொண்ணைப் பதினேழுன்னு போட்டு வெச்சிருக்காங்க. கண்ணை எங்கே வெச்சுட்டு வேலை பார்க்கறாங்களோ."

பத்திரிகையை மேஜை மேல் வீசினார் லிஃப்ட் மெக்கானிக்.

பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் புலம்பியதையெல்லாம் தொகுத்து, 'நடுமாடி' என்று சொந்தமாக ஒரு சின்ன இதழ் போட்டிருந்தார். அவரே டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, மனைவியோடு உட்கார்ந்து பின் அடித்தது. கடைகளில் சீந்த மாட்டார்கள். இந்த மாதிரி இதழ்களை மட்டுமே விமர்சிக்கும் அந்தப் பத்திரிகையில் நாலு வரி வந்தால்தான் யாராவது கேட்டு எழுதுவார்கள்.

அரைப் பக்கமே வந்தது. அவ்வளவும் பாராட்டு. ஆனால் மாதம் ஒன்றாகியும் ஒரு கடிதம் இல்லை. இன்றைக்குத்தான் அடியில் இருந்த தன் முகவரியைப் பார்த்தார்.

"நம்ம தெருவுல பதினேழாம் நம்பர் வீட்டை இடிச்சு வருஷமாச்சு. வந்த கடிதமெல்லாம் எந்தக் குப்பைக்குப் போச்சோ."

"போன் பண்ணிச் சொல்லுங்களேன்," என்றாள் மனைவி.

"போனா? நேர்லயே போய்க் கேக்கறேன்."

பத்திரிகை ஆபீஸ், தையல் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. பிரிக்காத உறைகளுக்கு நடுவே ஆசிரியரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அடுத்தவங்க இதழ்ல எல்லாம் குத்தம் கண்டுபிடிக்கிறீங்க. ஒரு நம்பரை ஒழுங்காப் போடத் தெரியலையே. இதுக்கு விமர்சனம் வராமலே இருந்திருக்கலாம்."

அவர் கொட்டித் தீர்க்கும்வரை அந்தம்மா குறுக்கே பேசவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார். அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடறேன்."

சொன்னபடி போட்டார். முதல் பக்கத்திலேயே, கட்டம் கட்டி, 'முகவரி மாறியது எங்கள் பிழை. வருந்துகிறோம்' என்று. அந்த வாரமே கடிதங்கள் வர ஆரம்பித்தன.

"பார்த்தியா? நறுக்குன்னு கேட்டாத்தான் வேலை நடக்குது," என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் மெக்கானிக்.

கேட்டவர்களுக்கு அனுப்ப இதழ்களை உறையில் போட்டுக்கொண்டிருந்த மனைவி, ஒன்றைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். பின்னட்டையில் அவரே டைப் அடித்த முகவரி. எண் 17.

அவர் ஆசிரியரம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, தப்பு என்னோடதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வெட்கப்பட்டுக்கிட்டு ரெண்டாவது இதழே போட்டிருக்க மாட்டீங்க சார். நான் அதைப் படிக்கத்தானே காத்துக்கிட்டிருக்கேன்."