மேசையில் இருந்த டப்பா

மேசையில் இருந்தது கைத்துப்பாக்கிக்கான வெடிமருந்து டப்பா!

இன்றைய போட்டிக்காக மனைவி டார்லாவின் ரைஃபிளுக்கு நேற்று ஐம்பது தோட்டாக்களை வெர்லின்தான் அடைத்தான், ஒவ்வொன்றுக்கும் மருந்தைக் குன்றிமணி பிசகாமல் நிறுத்து. ஐம்பதிலும் இந்த மருந்தா? ரைஃபிள் மருந்தைவிடப் பல மடங்கு வேகமாக எரிவது இது; சுட்டால் ரைஃபிள் அவள் முகத்திலேயே வெடிக்கும்.

அலமாரியில் அவள் ஜெயித்த பதினோரு கோப்பைகள். "குறி அவளோடது, தோட்டா என்னோடது. கடைத் தோட்டாவச் சுடுறதும் கல்ல விட்டு எறியறதும் ஒண்ணு" என்று வயோமிங் மாநிலம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் அவன்.

போன் செய்தான். அவள் அணைத்து வைத்திருந்தாள். வண்டியை விரட்டினான். போட்டி மைதானத்து வாசலிலேயே வெடிச்சத்தம் கேட்டது. இன்னொன்று. இன்னொன்று.

"சுடாதீங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான்.

எதிரே டார்லா, தன் பிரிவுப் போட்டி முடிந்து, பன்னிரண்டாவது கோப்பையோடு வந்தாள். "எதுக்கு இப்படி மூச்சிரைக்க ஓடி வர்ற?"

"மருந்து மாறிப்போச்சு! எத்தனை சுட்ட?"

அவள் பையிலிருந்து அவன் கொடுத்த பெட்டியை எடுத்து நீட்டினாள். ஐம்பதும் அப்படியே இருந்தன.

"அப்போ எத வச்சு ஜெயிச்ச?"

"கடைத் தோட்டா."

அவனுக்குக் கண் கலங்கியது. "நல்லவேளை! இன்னைக்குன்னு பார்த்து உனக்கு எப்படித் தோணுச்சு?"

"இன்னைக்கா?" டார்லா தன் வண்டியின் பின்கதவைத் திறந்தாள். இருக்கைக்கு அடியில், வருஷா வருஷம் அவன் தேதி எழுதிக் கொடுத்த பெட்டிகள், பிரிக்காமல், பதினொன்று.

"அடுத்தவன் அடைச்ச தோட்டாவச் சுடாதேன்னு முதல் நாளே சொல்லிக் கொடுத்தது நீதானே?"