உள்மடிப்பு

சூடு ஏறத் தொடங்கியது.

வலது தொடையில், தசைக்கு அடியில், கட்டி இருக்கும் இடத்தில். நெருப்பு எங்கும் இல்லை. அவர் படுத்திருந்த காந்த எந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சூட்டை எடைபோட்டார். பருத்திக்கு வைக்கிற சூடு இல்லை. பட்டுக்கு வைக்கிறது.

முப்பது வருடமாக இஸ்திரி போடுகிறவர். பெட்டியைக் கன்னத்தருகே பிடித்தே பதம் சொல்லிவிடுவார்.

நேற்று ஊசி வழியாக ரத்தத்தில் இரும்புத் தூள் ஏற்றியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத தூள். நோயைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளுமாம். காலையில் எடுத்த படத்தில் தொடையில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. துணியில் கருகல் விழுந்த மாதிரி.

ஒரே இடம்தான் என்றதும் அவர் மனைவி பூங்காவனம் கேன்டீனுக்குப் போய் இரண்டு இட்லியை முழுதாகச் சாப்பிட்டாள். ஒரு வாரம் ஆகியிருந்தது அவள் அப்படிச் சாப்பிட்டு.

உள்ளே படுக்கவைத்த பிறகு டாக்டர் அவரிடம் சொன்னார்.

"காந்தம் ஓடும்போது தூள் ஒட்டின இடம் மட்டும்தான் சுடும். வேற எங்கயாவது சுட்டா கையத் தூக்குங்க. படத்துல தப்பினதுகூட அப்படித் தெரிய வரலாம். பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க."

பொறுத்துக்கொள்வதுதான் அவர் பிழைப்பு.

இடது இடுப்பில் ஒரு பொறி.

கரிப்பெட்டியிலிருந்து தெறிக்குமே, அந்த அளவு. அவ்வளவுதான்.

வாழ்க்கையில் முதல் முறையாகச் சூட்டுக்குப் பயந்தார்.

கை அசையவில்லை.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துணி கருகிவிட்டால், கருகல் உள்ளே போகும்படி மடித்து, மேலே நல்லதாக நாலு துணியை அடுக்கிக் கொடுத்துவிடுவது. வாங்குகிறவருக்கு அப்போதைக்குத் தெரியாது.

அவரும் ஒரு முறை செய்திருக்கிறார். மாடி வீட்டு வாத்தியாரின் பட்டு வேட்டி. மகளைத் தாரை வார்க்கிற அன்று காலையில்தான் பிரித்தார்கள்.

வாத்தியார் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் இஸ்திரி வண்டியருகே வந்து நின்றார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஏதாவது பண்ணியிருப்பேனேப்பா."

பொறி அணையவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் பூங்காவனம் உட்கார்ந்திருந்தாள். மடியில், வீட்டுக்குப் போகும்போது அவர் போட வேண்டிய சட்டை. அவளே தேய்த்தது. காலர் சரியில்லை.

இந்தப் பொறியை உள்ளே மடித்துவைத்தால், ஒருநாள் அதைப் பிரிக்கப் போகிறவள் அவள்தான்.

அவர் கையைத் தூக்கினார்.

தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து, அவளும் சிரித்தபடி கையைத் தூக்கினாள்.