வெள்ளைக் கோடு

தோலின் ஈரத்தை அளக்கும் கருவியை அந்த அறுபது வயதுப் பெண்மணியின் கெண்டைக்காலில் வைத்தார் டாக்டர். இருபத்திரண்டுதான் காட்டியது; நாற்பதாவது இருக்க வேண்டும். டேப் ஒட்டி உரித்துப் பார்த்தார்; செதில் செதிலாக வந்தது.

“அரிப்புக்குக் காரணம் வறட்சி. நீச்சல் குளத்துல இறங்கறதுண்டா?”

“இந்த வயசுலயா, டாக்டர் சார்? முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் நீச்சலே கூடாதுன்னுட்டான் பையன். வெளியிலதான் உக்காந்திருக்கான், கேளுங்க.”

டாக்டர் நகத்தால் காலில் ஒரு கோடு கிழித்தார். சாக்பீஸால் போட்டதுபோல் வெள்ளையாக விழுந்தது.

“இது பொய் சொல்லாது.”

பெண்மணியின் முகம் தொங்கிப்போனது. “தண்ணியிலதான்டா முட்டி வலிக்கறதில்ல. அவன்கிட்ட சொல்லிடாதடா.”

டாக்டர் களிம்பை எடுத்து, கோடு மறையும்வரை தடவினார்.

“சின்ன வயசுல நான் குளத்துல ஊறிட்டு வந்தா, அம்மா நகத்தால கோடு கிழிச்சுப் பார்க்க வர்றதுக்குள்ள என் காலுல எண்ணெய் தடவி விட்டது யாரு, அக்கா? நான் சொல்வேனா? படியில மட்டும் பார்த்து இறங்கு.”

மகன் எட்டிப் பார்த்தான். “என்ன மாமா?”

“வறட்சிதான்டா. குளிச்ச கையோட களிம்பு தடவச் சொல்லு.”

“தடவிடறேன், டாக்டர் சார்,” என்றாள் அக்கா.