வெயிலில் ஒரு ஜோடி

மத்தியானச் சாப்பாடு முடிந்தும் இன்னும் முதல் போணி ஆகவில்லை. ஏற்றுமதிக்கு ஆகாதென்று கம்பெனிகள் கழித்துவிட்ட ஷூக்களை ஆம்பூர் பஜாரில் விற்கிற பாக்யலட்சுமியின் கடையில், டியூப்லைட்டுக்குக் கீழே ஒருவர் பழுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து பார்க்கிறார். மகள் கல்யாணத்துக்காம். முகம் மலர்ந்திருக்கிறது, கை சட்டைப்பைக்குப் போகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாபாரம் முடிந்தது. பாக்யலட்சுமி முட்டியைப் பிடித்தபடி எழுந்து, "கழட்டிக் குடுங்கண்ணா" என்று வாங்கி, படியிறங்கி, இரண்டையும் வெயிலில் நீட்டுகிறாள். இடது ஷூ கொஞ்சம் கறுத்திருக்கிறது. "ரெண்டும் வேற வேற தோலு. லைட்டுல தெரியாது. மத்தபடி நல்லா உழைக்கும்." அவர் முகம் சுருங்குகிறது. "இன்னாம்மா, நீயே இப்டி சொன்னா யாரு வாங்குவாங்க? எதிர்க்கடையில பாத்துட்டு வர்றேன்." காலையிலிருந்து வந்தவர்களெல்லாம் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். பேஜாராக இருக்கிறது. அவள் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்து, ஷூக்களைத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறாள். எதிர்க்கடையிலும் அதே வெள்ளை வெளிச்சம். கடைக்காரன் குனிந்து அவருக்கு லேஸ் கட்டிவிட்டு, ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். அவரும் சிரிக்கிறார். பிறகு என்ன தோன்றியதோ, ஷூக்களைக் கழற்றி, கைக்கொன்றாக எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்குகிறார். "எங்கண்ணா போறீங்க?" என்று கடைக்காரன் கூப்பிடுகிறான். அவர் இரண்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்து, மாறி மாறிப் பார்க்கிறார். மெதுவாக இந்தப் பக்கம் திரும்புகிறார். பாக்யலட்சுமி பெட்டியை இன்னும் மூடவில்லை.